விலாவில் பிடித்த வலி

ரங்கூனிலிருந்து மாவ்பி போகும் சாலையில்தான் அந்த வலி முதலில் வந்தது. இடது விலாவில் பிடித்தது. நடைப்போட்டிக்குப் பழகுகிறவர்கள் எல்லோரும் அறிந்த பிடிப்புதான் என்று எண்ணி நான் நிற்கவில்லை. மூச்சை முழுதாக வெளியே விட்டு, வேகம் குறைக்காமல் நடந்தால் அது விட்டுவிடும். ரங்கூனில் பல வருடங்கள் பெண்கள் நெடுநடையில் நான் முதலாவதாக வந்தது அப்படித்தான்.

நாற்பது வயதைத் தாண்டியிருந்தேன். இன்னும் ஒரு போட்டியாவது நடந்துவிட வேண்டும் என்று ஆசை. மழைக்காலம் முழுவதும் வலியோடு நடந்து பழகினேன். மாலையில் காய்ச்சல் வந்தது. நனைந்ததால் என்று நினைத்தேன்.

ஒரு நாள் போட்டாதாங் படகுத்துறை அருகே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். லான்மடாவில் கடை வைத்திருக்கும் என் அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

எக்ஸ்ரே பார்த்த சயாமா (பெண் மருத்துவரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) கேட்டார்.

“வலியோடயா நடந்தீங்க?”

“நடந்தா சரியாயிரும்னு நெனச்சேன், சயாமா.”

அக்கா முந்திக்கொண்டார். “மழைக்கு மாடுகூட ஒதுங்கி நிக்கும். இவ நிக்க மாட்டா.”

ப்ளூரசி (நுரையீரலைச் சுற்றியுள்ள உறை வீங்கி நீர் கோப்பது) என்றார் சயாமா. காசநோயால் வந்தது. முதுகில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, மாத்திரைகள், மாதக்கணக்கில் படுக்கை.

படுப்பது எனக்குத் தெரியாத வேலை. போர்வைக்குள் கால்கள் அசைந்துகொண்டே இருந்தன.

“கால வச்சிக்கிட்டு சும்மா கெடடி,” என்றார் அக்கா. “கட்டிலு நடந்தே போட்டாதாங் போய்ச் சேந்துரும்.”

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வலியைத் தாங்கிப் பழகியவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக வந்து சேருகிறோம். தாங்காதீர்கள். சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், “போட்டி, சயாமா?” என்று கேட்டேன்.

அவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “உறை ஒட்டிப்போச்சு. பழைய மூச்சு வராது. பேசிக்கிட்டே நடக்க முடியுற அளவுக்கு நடங்க. போட்டி வேணாம்.”

அக்கா குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து என் செருப்பை எடுத்து வைத்தார்.

நடக்கும்போது நான் யாரோடும் பேசியதில்லை. பொதுவாகவே பேச்சு வராது. இப்போது காலையில் அக்காவோடு கடைவரை, எதையாவது சொல்லிக்கொண்டே நடக்கிறேன். கூடைக்காரப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போகிறார்கள். கால்கள் அவர்கள் பின்னே போகத் துடிக்கின்றன. எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். இழுக்கும் மூச்சு இடது பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. அது நிற்கும் இடத்தில் பேச்சும் நிற்கிறது, நானும் நிற்கிறேன். மிச்சத்தைக் கேட்க அக்கா காத்திருக்கிறார்.