கம்பியைத் தொடாதவர்

குன்னத்திலிருந்து பெரம்பலூர் போகும் காலை பஸ்ஸில் ஒரு பெண்ணைத் தினமும் பார்ப்பேன். நாற்பது வயதிருக்கும். கழுவிக் கழுவியே தோலுரிந்த கைகள். சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார், கம்பியையும் தொடமாட்டார். இறங்கியதும் பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கை கழுவுவார்.

தொட்டால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம் விடாமல் துரத்தும் நோய் அவருக்கு. தலையருகே காந்தம் வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சைக்காகப் பெரம்பலூரில் பஸ் மாறித் திருச்சிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

இதைக் கேள்விப்பட்ட, அதே பஸ்ஸில் வரும் பருத்தி வியாபாரி ஒருவர், "மூளையில கை வெச்சா அப்புறம் நீ நீயா இருப்பியாம்மா?" என்றார்.

"பெத்த பொண்ணுக்கு ரெண்டு வருஷமா தலை வாரிவிடல. அது நானாங்க?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இந்த வைத்தியம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இருந்தாலும் போவேன். என் தலை, நான் பாத்துக்கிறேன்."

சில வாரம் கழித்து என் பக்கத்து சீட் காலியானது. உட்காரச் சொன்னேன்.

"இருக்கட்டுங்க, இன்னிக்குப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்று கம்பியைப் பற்றினார். முகம் வியர்த்தது. பெரம்பலூர் வரும்வரை விடவில்லை.

இறங்கியதும் வழக்கம்போல் பாட்டிலைத் திறந்தார். கை கழுவத்தான் என்று நினைத்தேன். வியாபாரி பார்த்துக்கொண்டிருக்க, மடக்மடக்கென்று முழுவதையும் குடித்தார்.