அரிசி அடைத்த பந்து

ஐம்பத்தொன்றாம் வருடம் மலாயாவின் ரெம்பியாவில் ஒரு பேச்சு அடிபட்டது. மளிகைக்கடைச் சாமிக்கண்ணு சாயங்காலந்தோறும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடும் பந்துக்குள் இருப்பது காற்றல்ல, அரிசியாம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறதாம். ரப்பர் மரம் சீவும் பெரியநாயகி கண்ணாலேயே பார்த்தாளாம். விசாரித்ததில், கண் பார்த்தது அவர் ஓடியதை மட்டும்தான். அரிசியைப் பார்த்தது அவள் வாய்.

சாமிக்கண்ணு மலாயாவுக்காகச் சயாம் வரை போய் ரக்பி ஆடியவர். ஆட்டத்தை விட்டுக் கடை வைத்து, நான்கு தோட்டங்களுக்கு லாரியில் சாமான் அனுப்பும் முதலாளி ஆகிவிட்டார். கால்களுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. கல்லாவில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் முழங்கால் மேசையை உதைக்கும்.

"எந்திரிச்சு ஓடிட்டு வாங்க, மொளகா டின்னு கவுருது" என்பாள் மனைவி கோமளா.

ஆனால் காலமோ, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். தோட்டத்து வேலியைத் தாண்டி ஒரு கவளம் சோறு போகக் கூடாது. ஒரு புகார் விழுந்தால் அரிசி பெர்மிட் போகும். பெர்மிட் போனால் கடையும் போகும். பேச்சு கிளம்பியதும் கோமளா பதறினாள்.

"பந்த வீட்டுல வெச்சிட்டு ஓடுங்களேன்."

"வெறுங்கையோட ஓடுனா திருடன்னு சொல்லுவான்லா."

அந்த வெள்ளிக்கிழமை, தோட்டத்து ரோட்டில் ஓடிவிட்டுத் திரும்பியவரை, கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முனுசாமி துப்பாக்கியை நீட்டி மறித்தான். கேட்டுக்கு அப்பால், பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போடும் வெள்ளைக்கார அதிகாரி.

"அண்ணே, அங்கயே நில்லுங்க! பந்த இப்படி வீசுங்க!"

வினை இங்கேதான். ரக்பியில் பந்தைக் கையால் முன்பக்கம் வீசக் கூடாது. பதினைந்து வருடப் பழக்கம். கை மறுத்தது, கால் முந்தியது. இடப்பக்கம் போக்குக் காட்டி, வலப்பக்கம் புகுந்து, கேட்டைத் தாண்டி, அதிகாரியின் பூட்ஸ் அருகே, ஆட்டத்தில் புள்ளி எடுப்பதுபோல் பந்தைத் தரையில் அழுத்திய பிறகுதான் சாமிக்கண்ணுவுக்குப் புத்தி திரும்பியது.

"சுட்டுருப்பேண்ணே!" முனுசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிகாரி கத்தியால் பந்தைக் கிழித்தார். புஸ்ஸென்றது. ஒரு மணி அரிசி இல்லை. சயாமில் ஜெயித்து வாங்கிய பந்து அது என்று தெரிந்ததும் அவர் முகம் சிவந்தது. அடுத்த முறை சிங்கப்பூர் போகையில் புதுப் பந்து வாங்கித் தருவதாகச் சொன்னார்.

பெர்மிட் தப்பியது. அதன்பின் மூன்று தடவை புதுப்பித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் கோமளா வாசல்வரை வந்து எச்சரிப்பாள்: "பந்து பேச்ச மட்டும் எடுத்துறாதீங்க."

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்வார். வேறேதும் உண்டா?

"ஒண்ணுமில்லைங்க துரை." மேசைக்கடியில் முழங்கால் மட்டும் ஆடும்.

இப்போது வெறுங்கையோடுதான் ஓடுகிறார். அரிசியை வயிற்றில் கட்டியிருக்கிறார் என்கிறாள் பெரியநாயகி. பந்து இன்னும் வரவில்லை.