மீத்தேன் எதையும் விடாது

குடுவைக்குள் சொட்டுச் சொட்டாகக் காரக் கரைசலை விடும்போது அவர் உதடு அசையும். சொட்டுகளை எண்ணுகிறார் என்று நினைப்பீர்கள். இல்லை, உள்ளே அந்தக் காரம் பிடுங்கப்போகிற ஹைட்ரஜனைத் தாஜா செய்துகொண்டிருப்பார். "வா வா, உன் கார்பனுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. பயப்படாம வா."

எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். பட்டப்பெயர் மீத்தேன். எதையும் விட மாட்டார் என்பதால் வந்தது. வாய் உடைந்த பீக்கர், ஓடாத கைக்கடிகாரம், மனைவி கடைசியாக எழுதிய மளிகைச் சீட்டு எல்லாம் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"அந்தக் கடிகாரத்தையாவது தூக்கிப் போடுங்களேன் சார்" என்று பக்கத்து மேசை அம்மாள் ஒருநாள் வம்புக்கு இழுத்தார். "மீத்தேனும் இப்படித்தான், ஹைட்ரஜனைக் கெட்டியாப் புடிச்சுக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "அது கஞ்சத்தனம் இல்லம்மா. ஹைட்ரஜன் போறப்போ எலக்ட்ரானை இங்கேயே விட்டுட்டுப் போயிடும். அந்தச் சுமையை யாராவது தாங்கணுமே. பக்கத்துல கார்பனைல்னு ஆக்சிஜன் ஒட்டின ஆளுங்க ரெண்டு பேர் இருந்தா ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கும், கார்பனும் தைரியமா விட்டுடும். மீத்தேன் ஒத்தைக் கார்பன். அதுக்கு யாரு இருக்கா?"



வீட்டில் அவரும் மகளும்தான். தூர ஊரில் கிடைத்த வேலையை அவருக்காக அவள் இரண்டு முறை தள்ளிப்போட்டாள். மூன்றாம் முறை கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்று. போகட்டுமா என்று அவள் அவரிடம் கேட்கக்கூட இல்லை. அவரேதான் மறுநாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, "கிளம்பும்மா, நான் சமாளிச்சுக்குவேன்" என்றார்.

அன்று வேலையில் குடுவையை ஐஸ் தொட்டியில் இறக்க மறந்து, காரத்தை மடமடவென்று ஊற்றிவிட்டார். பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவர் தனியாகக் குனிந்து துடைத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பேருந்து நிலையம். பெட்டியை அவரேதான் தூக்கி வந்தார். மகள் படியேறித் திரும்பிக் குனிந்து பெட்டியைப் பற்றினாள். நடத்துனர் விசில் ஊதினார்.

"விடுங்கப்பா, நான் வாங்கிக்கறேன்."

"விட்டுட்டேம்மா" என்றார். ஐந்து விரலும் கைப்பிடியைச் சுற்றியே இருந்தன.