கோட்டுக்கு வெளியே கத்துகிறவன்

என் மகள் கால்பந்தில் டிஃபென்டர். கோல் போட்டுப் பேர் வாங்குவது மற்றவர்கள் வேலை. இவள் பின்னால் நின்று, வருகிறவர்களைத் தடுக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது என் வேலை. அதைத் தமிழில் செய்தேன். ரகசியமாம்! அமெரிக்காவில், இந்த சன்னிவேலில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்த அறிவாளி நான்.

"லெஃப்ட்ல விடு கண்ணு, லெஃப்ட்ல!" என்று நான் கத்துவேன். எதிரணியில் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி, பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் நிற்பாள். தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அவளுடைய அப்பா வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப தேங்க்ஸுங்க. நீங்க சொல்லச் சொல்ல எங்க பொண்ணுக்கு ஈஸியா போச்சு. நாங்க ஈரோடுங்க."

காரில் ஏறியதும் மகள் தீர்ப்பு சொன்னாள்: "அப்பா, இனிமே கத்துனா யூ ஆர் நாட் கமிங்."

வார நாட்களில் நான் வீடு திரும்பும்போது அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். சனிக்கிழமை மைதானம் ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் மிச்சம். அதுவும் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.

ஜப்பான் பெண்கள் அணி பக்கத்து ஊருக்கு ஆட வந்தது. அவளைச் சமாதானப்படுத்த டிக்கெட் வாங்கினேன். எல்லோரும் பந்தைப் பார்க்க, இவள் மட்டும் ஜப்பான் பயிற்சியாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு காலத்தில் டிஃபென்டராக ஆடியவர். இவள் அறைச் சுவரில் இருப்பதே அவர் படம்தான். மனுஷர் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா! அவரும் கத்துறாரு!"

"ஹீ வாஸ் எ டிஃபென்டர், அப்பா. பின்னாடி நின்னா எல்லாம் தெரியும். ஹீ நோஸ் வாட் டு யெல்."

சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எதையோ யோசிக்கிறாள் என்று மட்டும் புரிந்தது.

அந்த ஈரோட்டுக்காரர் மகளின் அணியோடு மறுபடி ஆட்டம் வந்தது. வாயைத் திறக்காமல் நின்றேன். ஆட்டம் தொடங்குமுன் என் மகள் ஓடிவந்து காதில் சொன்னாள்: "நான் கையைத் தூக்கினா, லெஃப்ட்ல விடுன்னு கத்து. அப்ப மட்டும்தான், ஓகே?"

காத்திருந்தேன். இரண்டு அணியும் கோல் போடவில்லை. கடைசி நேரத்தில் பந்து அவள் காலுக்கு வந்தது, கை உயர்ந்தது. அடக்கிவைத்த மூச்சையெல்லாம் சேர்த்து, "லெஃப்ட்ல விடு கண்ணு!" என்று அலறினேன். ரெட்டைச் சடை லெஃப்டுக்குப் பாய்ந்தாள். மகள் நிதானமாக ரைட்டில் தட்டிவிட்டாள். அங்கே ஆளே இல்லை. எங்கள் பெண் ஒருத்தி வாங்கிக்கொண்டு போய் வலைக்குள் அடித்தாள்!

"என்னங்க இது, அநியாயமா இருக்கு!" என்று சிரித்தார் ஈரோட்டுக்காரர். அவரையே கட்டிப்பிடித்துக் குதித்தேன். "அங்கிள், தட்ஸ் சீட்டிங்!" என்று இடுப்பில் கைவைத்துக் கத்தினாள் ரெட்டைச் சடை.

திரும்பும்போது காரில் மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, புதன்கிழமை ப்ராக்டிஸ் இருக்கு. நீயும் வா."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அலறிய அலறலில் குரல் போயிருந்தது; கையைத் தூக்கிக் காட்டினேன்.