சிவப்பு நட்சத்திரம்

ஐந்தருவியில் ஒரு கூடை சிப்ஸோடு தொடங்கி மூன்று கடை கண்டவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மகள் மொட்டைமாடியில் ராமுழுக்கக் கேமராவை வைத்து எடுத்த படத்தைக் காட்டினாள். நட்சத்திரங்கள் நகர்ந்த தடமெல்லாம் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, கடையநல்லூர்த் தெருவில் தறிக்காக நாங்கள் நீளவாக்கில் விரித்த பாவு நூல் போலவே இருந்தது. கஞ்சி வாடைகூட மூக்கில் ஏறியது.

பத்து வயதில், விடியுமுன் பாவுக்குக் கஞ்சி போடும்போது, "அந்த நட்சத்திரம் சிவப்பு" என்றேன். அண்ணன் சிரித்தார்.

"ஏலே, உனக்கு நெறமே தெரியல. சாயநூல்ல கை வைக்காத."

அன்றோடு தறியை விட்டே விரட்டினார்கள். இன்றுவரை ஆறவில்லை எனக்கு.

படத்தோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். "பாருங்கண்ணே, சிவப்பு!"

கண்ணாடியை மாட்டி நிதானமாகப் பார்த்தார்.

"உன் மவ கேமராவுக்கும் உன் கண்ணுதாம்லே."