கரிவாடியின் சூளைகள்

எங்கள் குடியேற்றத்தைப் புளியங்குளம் பக்கத்தில் கரிவாடி என்றுதான் சொல்வார்கள். மலையகத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்த எங்கள் பெற்றோர் காட்டை வெட்டினார்கள். வெட்டிய மரத்தை மண்ணால் மூடிச் சூளை வைத்துக் கரி சுட்டு, சலவைக் கடைகளுக்கும் கொல்லர் பட்டறைகளுக்கும் லொறியில் ஏற்றினார்கள். கரித் தொழில் நின்றபின் அதே நிலத்தில் நெல்லும் உழுந்தும் விதைத்தோம். நிறத்தில் மட்டும் நான் இன்னும் பழைய தொழிலை விடவில்லை.

போன மாதம் வன இலாகாக்காரர் வந்து எங்கள் வீட்டு வளவுகளுக்குள் எல்லைக்கல் நட்டார்கள். இது காடாம். காணிக் கடதாசிகளெல்லாம் யுத்த இடம்பெயர்வில் போய்விட்டன. நாங்கள் சண்டைக்குப் போக, வந்திருந்த அதிகாரி கோபப்படாமல் சொன்னார்:

"யுத்தத்துக்கு முதல் இஞ்ச ஆக்கள் இருந்ததுக்கு ஏதாவது அடையாளம் காட்டுங்கோ. வெள்ளிக்கிழமை திரும்ப வாறன்."

ஊரே யோசித்தது. நான் யோசிக்கவில்லை, வாயைத் திறந்தேன். சூளை எரிந்த இடம் மண்ணுக்குள் கறுப்பாகத்தானே கிடக்கும், அப்பாவின் சூளை எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டுதான் காட்டினேன் போலிருக்கிறது. என் பேச்சை நம்பி மேட்டு நிலத்தில் பொழுதுபட வெட்டினார்கள். செம்மண், அதற்குக் கீழே இன்னும் செம்மண். கடைசியில் ஒரு கறுப்பு வந்தது. பக்கத்து வளவுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, அது தங்களுடைய பழைய கக்கூசுக் குழி என்று மெதுவாகச் சொன்னார்.

கால் கழுவப் போன என்னை மனைவி கிணற்றடியில் பிடித்தாள். அவளும் கரி சுட்ட வீட்டுப் பிள்ளைதான்.

"சூளையைப் பிரிக்கேக்க நெருப்பு அணைக்கத் தண்ணி வேணும். குளத்தை விட்டுப்போட்டு மேட்டில சூளை வைக்க, மாமாவும் உங்களை மாதிரியா?"

மறுநாள் எல்லோரும் குளக்கரையில் இறங்கினோம். முழங்கால் ஆழத்தில் வந்தது: சுட்ட மண், கைப்பிடி கைப்பிடியாகக் கரி. மண்ணை விலக்க விலக்க வட்டம் வட்டமாகச் சூளைகள் தெரிந்தன. ஒன்றின் நடுவில் எல்லைக்கல் நின்றது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஒரு கரித்துண்டை நகத்தால் உடைத்துப் பார்த்தார், படம் எடுத்தார். மேலிடத்துக்கு எழுதுவதாகவும் முடிவு தன் கையில் இல்லை என்றும் சொன்னார்.

"எழுதுங்கோ ஐயா," என்றாள் மனைவி. "நீங்கள் எழுதுற நேரத்துக்கு நாங்கள் மிச்சத்தையும் வெட்டி வைக்கிறம்."

அவருடைய மோட்டார் சைக்கிள் வளைவு தாண்டுமுன் மண்வெட்டியை எடுத்துவிட்டேன். எங்கே வெட்டுவது என்று இந்த முறை அவளைத்தான் கேட்டேன்.