குணமான முட்டிக்கு உபவாசம்

மூன்று மாத விடுப்பு என்று சொல்லித்தான் தீவிலிருந்து கிளம்பினோம். மிஷனரிகளின் விடுப்பைத் தெரிந்தவர்கள் அதை விடுப்பு என்று சொல்ல மாட்டார்கள். அந்தமான் பக்கத்தில் ஒரு தீவில் நானும் கணவரும் பதினோரு வருஷமாக ஊழியம் செய்கிறோம். ஊருக்கு வந்தால் வெள்ளிக்கு ஒரு சபை, ஞாயிறுக்கு ஒரு சபை என்று அலுவலகம் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். இவர் படம் போட்டுக் காட்டிப் பேசுவார். நான் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, தீவு மக்களுக்காக ஜெபிக்கச் சொல்வேன். இந்த முறை கூடவே என் இடது முட்டிக்காகவும் ஜெபிக்கச் சொன்னோம்.

முட்டி வலி நிஜம். வருஷக்கணக்காகப் படகிலிருந்து குதித்து இறங்கியதில் வந்தது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தஞ்சாவூர் டாக்டர் ஊசி போட்டு, பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். நீடாமங்கலம் பக்கத்தில் அண்ணன் வீட்டில் தங்கினோம். ஐந்தாவது வாரம் ஒருநாள், அண்ணியோடு கடைக்குப் போய்த் திரும்பும்போது ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி, ரயில் போனதும் நடந்தே கடந்து, அந்தப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்த இன்னொரு பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தோம். சீட்டில் உட்கார்ந்த பிறகுதான், ஓடியிருக்கிறேன் என்பதே உறைத்தது. வலி துளிகூட இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. முட்டி சரியாகும்வரை இருங்கள் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. அண்ணன் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. அண்ணி காபியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, தீவு வேண்டாம் என்று தோன்றியது. அதைச் சொல்லத் தைரியமில்லாமல் முட்டியைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய் சொல்லவில்லை, சொல்லாமல்தானே இருக்கிறேன் என்று சமாதானம் வேறு. இதை வேறு யாராவது செய்திருந்தால் கிழிகிழி என்று கிழித்திருப்பேன்.

மன்னார்குடி ரோட்டில் ஒரு கிராமத்துச் சபை. பகலெல்லாம் நடவு நட்டுவிட்டு, குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்த பெண்கள் என்னைச் சுற்றி முழங்கால்படியிட்டார்கள். ஒரு அம்மா என் முட்டியில் கை வைத்து அழுது ஜெபித்தார். எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"உங்களுக்கும் வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"எங்களுக்குப் பழகிப்போச்சுங்க. நீங்க ஊழியத்துல இருக்கறவங்க, உங்களுக்குத்தான் கால் நல்லா இருக்கணும்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "நன்றிம்மா" என்றுதான் வந்தது. அவமானத்தில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பும் வழியில் இவர் பைக்கை மெதுவாக ஓட்டினார். "சொல்லிடேன்," என்றார்.

"எதை?"

"அன்னைக்கு பஸ்ஸுக்கு ஓடினப்ப அண்ணியும்தானே கூட இருந்தாங்க?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. "உங்களுக்குப் போகணும்னா நீங்க போங்க," என்றேன்.

இரண்டு வாரம் கழித்துத் தீவிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. தீவில் எங்களை முதலில் வீட்டுக்குள் அழைத்தவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சிக்னலுக்காகப் படகுத்துறைவரை நடந்து வந்து, எப்போதும்போல இந்தியில் பேசியிருந்தார். உன் முட்டிக்காக வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கிறேன், ஒன்பது வெள்ளி முடிந்தது, போன வாரம் மயங்கி விழுந்துவிட்டேன், அதெல்லாம் ஒன்றுமில்லை, உன் முட்டி எப்படி இருக்கிறது?

உபவாசம் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். உடனே கூப்பிட்டேன். நல்லவேளை, இன்னும் துறையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"முட்டி சரியாயிடுச்சுக்கா. இனிமே நீங்க சாப்பிடணும்," என்றேன்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். பிறகு, "எப்ப சரியாச்சு?" என்று கேட்டார்.

ஏழு வாரமாகிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். விழுந்தவரிடம் அதை எப்படிச் சொல்ல? "போன வெள்ளிக்கிழமைக்கா," என்றேன்.

"நான் விழுந்த அன்னைக்கேவா?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த கப்பலுக்கே டிக்கெட் எடுக்கச் சொல்லி இவரை நச்சரித்தேன். நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கப்பலில் நான்கு நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தீவுக்குத் திரும்பி ஐந்து மாதமாகிறது. நடந்ததை அக்கா எந்தக் கூட்டத்திலும் விடாமல் சாட்சி சொல்கிறார். முடித்ததும் என் பக்கம் திரும்பி, எழுந்து நடந்து காட்டு என்பார். நானும் எழுந்து நடந்து காட்டுகிறேன்.